நான்கு மில்லிமீட்டர்

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. மழைக்காலம் வந்தால் அவளுக்கு இழுப்பு வரும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று முனகுவதுபோலச் சத்தம் கேட்கும். மன்னார்குடியில் இருக்கும் குழந்தை மருத்துவர் எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். "கடிகாரத்தப் பாத்து ஒரு நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு எண்ணுங்கம்மா. நாப்பதத் தாண்டிச்சுன்னா யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க."

யோசிக்காமல் இருப்பது மட்டும் எனக்கு வராது. முப்பத்தெட்டு வந்தால் இன்னொரு முறை எண்ணுவேன். நாற்பத்திரண்டு வந்தால், பதற்றத்தில் கூட்டி எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு முறை எண்ணுவேன். கல்யாணத்துக்கு முன்பு சீர்காழியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். விடைத்தாளில் மதிப்பெண் கூட்டிப் போட்ட பிறகு கீழிருந்து மேலாக ஒரு தடவை கூட்டுவேன். அங்கே அதைப் பொறுப்பு என்றார்கள். புகுந்த வீட்டில் அதற்குப் பெயர் சந்தேகம்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, ஒரு வடிகால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம்தான். கோடையில் அதன்மேல் எள்ளும் உளுந்தும் காயும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால், மேலே உள்ள ஊர்களின் வயல் தண்ணீரெல்லாம் எங்களைத் தாண்டித்தான் கடலுக்கு வடியவேண்டும். பாலம் முழுகிவிடும். சுற்றிப் போகும் சாலையும் அதே ஆற்றை இன்னொரு இடத்தில் இன்னும் தாழ்வாகக் கடக்கிறது. உயரமான பாலம் வரும் என்று நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முந்தைய வருஷம் கார்த்திகையில் அந்தப் பாலத்தின் நடுவில்தான் எங்கள் ஜீப் நின்றுபோனது. மகள் என் மடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். பானெட்டுக்கு மேல் ஒரு அலை வந்து விழுந்தது, எஞ்சினிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் கணவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார். நான் நெபுலைசர் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அக்கரையில் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். மருத்துவமனையில் அவளுக்கு ஆக்சிஜன் வைக்கும்போது அவள் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தண்ணீர் வடிந்தபிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "வண்டி தண்ணி குடிச்சிருச்சு சார்" என்றார். எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் பானெட்டுக்குள் ஹெட்லைட் உயரத்தில் இருக்கிறதாம். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துவிடும், உள்ளே இருக்கும் கம்பி வளைந்துபோகும். அதற்கு ஒரே மருந்து ஸ்நார்க்கல் என்றார். கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு குழாய். முன்சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் இரும்புத் தகட்டில், ஃபெண்டரில், ஒரு துளை போட்டு அதன் கழுத்தை உள்ளே விட்டு, காற்றை வடிகட்டும் ஃபில்டர் டப்பாவோடு சேர்க்கவேண்டும். மறுமுனை கண்ணாடி ஓரமாக ஏறி, வண்டியின் கூரை உயரத்தில் காற்றை வாங்கும்.

அடுத்த மழைக்காலத்துக்குள் நானும் மகளும் மன்னார்குடியில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிடுகிறோமே என்று ஒரு தடவை கேட்டேன். "நடவு நேரத்துல வீட்ட ரெண்டாக்கச் சொல்றியா? அம்மாவ யாரு பாத்துப்பா?" என்றார் கணவர். கேட்டது தவறோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அப்புறம் கேட்கவில்லை. ஸ்நார்க்கல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

தஞ்சாவூரில் ஒருவர் வாங்கிவைத்துப் பொருத்தாமலே விட்டிருந்த ஸ்நார்க்கல் ஒன்று, புரட்டாசிக் கடைசியில் கிடைத்தது. பெட்டியில் எல்லாம் இருந்தது, துளை எங்கே போடவேண்டும் என்று காட்டும் அச்சுத்தாள் மட்டும் இல்லை. அதை விற்றவரே எங்கேயோ தேடிப் பிடித்து ஃபோனில் அனுப்பிவைத்தார். "நீதானே படிச்சவ, பிரிண்ட் எடுத்துட்டு வா" என்று கணவர் சொல்ல, அந்த வேலை என்னிடம் வந்தது.

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடையில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஓரமெல்லாம் கட்டாகுது. பேஜுக்குள்ள ஃபிட் பண்ணிடவா?" என்று கேட்டாள். ஒரு எழுத்துகூட வெட்டுப்படக்கூடாது என்பதில் எனக்குக் கவனம். "பண்ணிடும்மா" என்றேன். ஆறு தாள்கள் வந்தன. வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் அவற்றை வரிசையாக வைத்து, கோடோடு கோடு பொருந்த ஒட்டினேன். பெரிதாக, ஒழுங்காக, ஒரு கோலம்போல வந்தது. மாமியார்கூட நின்று பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

துளை போட, வண்டித் தகடு தட்டும் டிங்கர் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை வரச் சொல்லியிருந்தோம். அவர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. "செவ்வாக்கெழமையில வண்டி மேல இரும்பு வைக்கிறதா? பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காது. புதங்கெழம வரச் சொல்லு. பன்னெண்டு மணிக்கு ராகு காலம் பொறந்துடும், அதுக்கு முன்னாடி மொத ஓட்ட விழுந்துடணும்" என்றார். பேத்தியின் உயிருக்காகச் செய்கிற வேலை என்பதால்தான் அவர் அத்தனை கண்டிப்பாக இருந்தார். அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை.

புதன்கிழமை டிங்கர் வருவதற்குள் பத்தரை ஆகிவிட்டது. வந்தவுடன் மின்சாரம் போனது. பதினொன்றேகாலுக்குத் திரும்ப வந்தது. புங்கமரத்து நிழலில் ஜீப் நின்றது. மாமியார் ஃபெண்டரில் மஞ்சள் தடவிக் குங்குமப்பொட்டு வைத்தார். டிங்கர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீங்களே சென்டர் வெச்சுக் குடுத்துட்டீங்க. எனக்கு என்ன வேல?" என்றார்.

"தும்பிக்க வெக்கிறீங்களாமே வண்டிக்கு? அப்ப நெத்தியில பட்டையும் போட்டு விடுங்க" என்றார் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுக்காரர்.

"மழ வரட்டும் சித்தப்பா. அன்னிக்கு நீங்கதான் மொத ஆளா ஏறி உக்காருவீங்க" என்றார் என் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மகள் மாமியாரின் இடுப்பில் இருந்தாள். டிங்கர் என் தாளை ஃபெண்டரில் விரித்து, கதவு ஓரத்துக் கோட்டை வண்டியின் கதவு ஓரத்தோடு சேர்த்துப் பிடித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டினார். ஆங்கிலத்தில் இருந்த குறிப்புகளை நான் வாசித்துச் சொல்லவேண்டும். பெரிய துளை எது, ஆறு சின்னத் துளைகள் எவை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தாளின் அடியில், ஓரமாக, நான் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய எழுத்துக்களில் ஒரு வரி இருந்தது. ஒரு சின்னக் கோடு, அதன்மேல் 'இது சரியாக நூறு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. அதை அதுவரை நான் படிக்கவில்லை.

மகளின் பிளாஸ்டிக் ஸ்கேல் வாசல்படியில் கிடந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறு.

ஸ்கேல் நுனி தேய்ந்திருக்கும் என்று நினைத்து, ஒன்றாம் எண்ணிலிருந்து வைத்துப் பார்த்தேன். அப்போதும் தொண்ணூற்றாறுதான். தாள் டேப்பில் சுருங்கி நிற்கிறதோ என்று விரலால் நீவிவிட்டு இன்னொரு தடவை அளந்தேன். நான்கு மில்லிமீட்டர் குறைவு. நூற்றுக்கு நான்கு என்றால், கதவிலிருந்து துளை வரைக்குமான அறுபது சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் போட்டுக்காட்டிய கணக்குதான். ஆனால் அன்று அந்தக் கணக்கை நான் போடவில்லை. நான்கு மில்லிமீட்டர்தானே, ஒரு அரிசி நீளம்கூட வராது, என்றுதான் மனம் சொன்னது. ஆனாலும் ஸ்கேலைக் கீழே வைக்கவில்லை.

அன்று காலையில்தான் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று கேட்டு, கடைத்தெருவுக்குப் போகும் பாதி வழியில் கணவரை வண்டியைத் திருப்ப வைத்திருந்தேன். அடுப்பு அணைந்தே இருந்தது. "இவ ஒருத்தி இருந்தா போதும், ஊருக்கே வேற காவல் வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். மணி பதினொன்று ஐம்பது. மாமியார் கையில் இருந்த ஃபோனில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ அளந்து பாத்துடலாமா?" என்றேன்.

"அளந்தாச்சு டீச்சரம்மா. ரெண்டு தடவ அளந்தாச்சு" என்றார் டிங்கர். உண்மைதான். தாளில் இருந்தபடி கதவிலிருந்து துளைக்கு எவ்வளவு தூரம் என்று அவர் இரண்டு தடவை அளந்திருந்தார். தாளே சரியா என்றுதான் நான் கேட்க நினைத்தேன். அதைச் சொல்ல வாய் திறந்தபோது மாமியார், "நேரமாவுது" என்றார். டிங்கர் என்னைப் பார்த்தார். கணவரும் பார்த்தார். அந்த முகத்தில் காலை நேரத்து அடுப்பு இருந்தது.

"ஒண்ணுமில்ல, போடுங்க" என்றேன்.

சுத்தியால் ஒரு தட்டு, டிரில் சுழன்றது. முதல் துளையிலிருந்து இரும்புச் சுருள் பளபளவென்று வெளியே வந்து தரையில் விழுந்தது. பிறகு வட்ட ரம்பத்தை மாட்டினார். அது பெயின்ட்டைக் கிழித்து இரும்பில் ஏறியபோது எழுந்த சத்தத்தில் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். தகடு வட்டமாக வெட்டுப்பட்டு உள்பக்கம் விழுந்த ஓசை எனக்குக் கேட்டது. வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இருட்டு. இனி இதை மூட முடியாது என்று நினைத்தேன். மணி பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறு சின்னத் துளைகளும் போட்டுமுடித்துத் தாளை உரித்துவிட்டு ஸ்நார்க்கலை எடுத்து வைத்தபோது அது உட்காரவில்லை. கழுத்தின் ஒரு பக்கம் துளைக்குள் போனது, மறுபக்கம் இரும்பில் இடித்தது. போல்ட் ஒன்று பொருந்தினால் மற்றது விலகியது. டிங்கர் முதலில் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பிறகு ஸ்நார்க்கலின் முதுகில் டேப்பை வைத்து அளந்துவிட்டு, தரையில் கிடந்த என் தாளை எடுத்து அளந்தார். 

"தம்பி, பேப்பர் சின்னதா இருக்கு. ரெண்டரை சென்டிமீட்டர் அடிச்சிருச்சு."

"பேப்பர் எப்படிச் சின்னதாவும்?"

"பிரிண்ட்டு எடுத்த எடத்துல சுருக்கிட்டாங்க போல."

கணவர் என் பக்கம் திரும்பினார். "கடையில சரியா சொன்னியா?"

"அந்தப் பொண்ணுதான்..." என்றேன். அதற்குமேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பழியை ஒரு ஜெராக்ஸ் கடைப் பெண்மேல் போட்டுவிட்டு ஸ்கேலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். அளந்து பார்த்ததைச் சொல்லவில்லை. அப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். துளை விழுந்துவிட்டது.

டிங்கர் துளையின் ஒரு பக்கத்தை கிரைண்டரால் அறுத்து, அரத்தால் ராவி நீளமாக்கினார். வட்டம் முட்டை வடிவமானது. ஆனால் கொஞ்ச தூரத்துக்கு மேல் உள்ளே தகட்டைத் தாங்கும் சட்டம் குறுக்கே வந்தது. அதையும் அறுத்தால் முன்பக்கமே பலம் போய்விடும் என்றார். அதனால் ஸ்நார்க்கல் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் உட்கார்ந்தது. உள்ளே ஃபில்டர் டப்பாவுக்குப் போகும் ரப்பர் ஹோஸை இழுத்துப் பிடித்து மாட்டி கிளாம்ப் இறுக்கினார். மிச்சமிருந்த பிறை வடிவ இடைவெளியைத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடி, மேலே பசை பூசினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"தண்ணி போவாதுல்ல?" என்று கணவர் கேட்டார்.

"மேல மழைத் தண்ணி சொட்டுகூடப் போவாது. உள்ள ஹோஸ் கொஞ்சம் இழுத்தாப்புல இருக்கு, அதான்..." என்று நிறுத்தி, "தண்ணில எறங்கி வந்தா ஃபில்டர் டப்பாவ ஒரு தடவ தொறந்து பாருங்க. காஞ்சு இருந்தா கவலயில்ல" என்றார்.

அடுத்த வாரம் கணவர் வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறக்கி ஏற்றிப் பார்த்தார். ஃபில்டர் காய்ந்துதான் இருந்தது. "பாத்தியா?" என்றார். முழங்கால் அளவுக்கு ஸ்நார்க்கல் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. தலையாட்டினேன்.

ஐப்பசி பாதிக்குமேல் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. நட்ட பயிர் தண்ணீருக்கு அடியில் போய், நுனி மட்டும் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தது. ஐந்தாம் நாள் காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. மதியம் சாப்பிட உட்கார்ந்த மகள் சோற்றைத் தள்ளிவிட்டு என் தோளில் சாய்ந்தாள். அந்தச் சத்தம் கேட்டது. இன்ஹேலரைக் குழலில் பொருத்தி முகத்தில் வைத்து அழுத்தினேன். இருபது நிமிஷம் கழித்து இன்னொரு முறை. எண்ணினேன், நாற்பத்தாறு. மறுபடி எண்ணினேன், நாற்பத்தொன்பது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது.

வெளியில் வந்து, "என்னங்க" என்றேன். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் சாவியைக் கையில் எடுத்துவிட்டு நின்றார். "போலாமா? இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். எந்த விஷயத்திலும் என்னைக் கேட்காதவர் அன்று கேட்டார். வண்டியை நம்பலாமா என்று எனக்குத் தெரியாது. குழந்தை தாங்குவாளா என்பதும் தெரியாது. இரண்டில் எது தெரியாமல் இருப்பது மேல் என்று யோசித்துப் பார்த்தேன். "போலாங்க" என்றேன். மாமியார் திருநீற்றை எடுத்து மூவர் நெற்றியிலும் பூசினார். 

பாலம் இருக்குமிடத்தில் பாலம் இல்லை. இரண்டு பக்கத்துக் கல் கம்பங்களின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது, அதை வைத்து நடுவில் போகவேண்டும். கரையில் நாலைந்து பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அடுத்த வீட்டுச் சித்தப்பாவும் இருந்தார். அவர் அன்று கிண்டல் செய்யவில்லை. ஜன்னலுக்குக் கிட்டே வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, "நடுவுல நிக்காம போயிடுப்பா. கியர் மாத்தாத" என்றார்.

இறங்கினோம். தண்ணீர் கதவை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு காலடியில் குளிர்ந்தது. நான் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டு மகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பானெட் முன்னால் தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது, ஹெட்லைட்டுகள் முழுகிவிட்டன. என் தலைக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு வெளியே, ஸ்நார்க்கல் உஸ்ஸென்று காற்றை இழுத்தது. மடியில் மகள் இழுத்தாள். இரண்டில் எது நின்றாலும் எல்லாம் நின்றுவிடும் என்று இருந்தது. நடுப்பாலத்தில் எஞ்சின் ஒருமுறை விக்கியது. கணவர் கெட்ட வார்த்தை ஏதோ முணுமுணுத்தார். வேண்டுதலாகவும் இருக்கலாம். எஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. அக்கரையில் ஏறியபோது இரண்டு கதவிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள், கையில் ஊசி குத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் அவள் பிஸ்கட் கேட்டாள். கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பாத்தியா, வந்துட்டோம்ல" என்றார். அவர் முகத்தில் பல மாதங்களாக நான் பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவர் பல் விளக்கப் போன நேரத்தில், சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பானெட்டைத் தூக்கி ஃபில்டர் டப்பாவின் நான்கு கிளிப்புகளையும் நெம்பித் திறந்தேன். மேல்பாதிக் காகித மடிப்புகள் வெள்ளையாகக் காய்ந்திருந்தன. கீழ்ப்பாதி செம்மண் நிறத்தில் ஊறி, தொட்டால் பிய்ந்தது. டப்பாவின் அடியில் இரண்டு கை கொள்ளும் அளவுக்கு ஆற்றுத் தண்ணீர் தேங்கி நின்றது. ஹோஸ் டப்பாவில் சேரும் இடத்தில், இழுத்து மாட்டிய பக்கம், கிளாம்ப் விளிம்புக்கு நகர்ந்து ஒரு நகம் போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. இன்னும் பத்து அடி தூரம் தண்ணீருக்குள் போயிருந்தால் என்று நான் நினைக்கத் தொடங்கினேன். நினைத்து முடிக்கவில்லை.

மூடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நிம்மதியை எதற்குக் கெடுக்கவேண்டும்? பின்னால் அவர் வந்து நின்றது தெரியவில்லை.

அவர் ஃபில்டரைக் கையில் வாங்கினார். திருப்பினார். அதிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின்மேல் சொட்டியது.

"அந்தப் பேப்பர் சின்னதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "நான் அளந்து பாத்தேன். நாலு மில்லிமீட்டர் கொறஞ்சுது."

"எப்ப?"

"ஓட்ட போடறதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. அளந்து பாத்துடலாமான்னு கேட்டேன்."

"அது சொல்றதா?"

அது சொல்வது இல்லைதான். எனக்கும் தெரியும். அவர் ஃபில்டரை மதில்மேல் வெயில் படும் இடத்தில் சாய்த்து வைத்தார். வெயிலே இல்லை. "சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பனான்னு தெரியல" என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். எப்போதும் எனக்கும் ஒரு டீ வாங்கி வருவார். அன்று வெறுங்கையோடு வந்தார். அது கோபமா மறதியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஹோஸைச் சரியாக மாட்டவேண்டுமானால் ஸ்நார்க்கலைக் கழற்றி, உள்சட்டத்தை அறுத்து, வேறு இரும்பு வைத்து பற்றவைக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். ஒரு வாரமாவது வண்டி பட்டறையில் நிற்கவேண்டும். அதுவும் மழை நின்று பட்டறைக்குள் தண்ணீர் வடிந்த பிறகுதான். வானிலைச் செய்தியில் வங்கக்கடலில் அடுத்த தாழ்வுநிலை என்றார்கள். மாமியாரின் ஃபோனில் சார்ஜ் இல்லை, கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளதாகச் சொன்னது. அவர் தனியாக இருந்தார். பயிர் தண்ணீருக்குள் இருந்தது. வடிகாலைத் திறந்துவிட ஆள் வேண்டும்.

நானும் மகளும் தங்க, கோயில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை கிடைத்தது. ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் குடம், மருத்துவமனைக்கு நடந்தே போகும் தூரம். எந்த அறையைக் கேட்டு முன்பு வாய் மூடினேனோ, அந்த அறை.  கணவர் மகளை முத்தமிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். ஆற்றங்கரையிலிருந்து யாருடைய டிராக்டரிலோ நின்றுகொண்டு அக்கரை சேர்ந்ததாகச் சாயங்காலம் ஃபோனில் சொன்னார். ஜீப் மன்னார்குடியிலேயே, அறை இருந்த மேட்டுத் தெருவில், தண்ணீர் ஏறாத இடத்தில் ஓரமாக நின்றது. அதைக் கடந்து போகிறவர்கள் கறுப்புக் குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் கூப்பிடுவார். பாப்பா சாப்பிட்டாளா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். அத்தை எப்படி இருக்கிறார், பயிர் தலை தூக்கியதா என்று கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைக் கூட்டிப்போவதாகச் சொன்னார், பிறகு புதன்கிழமை என்றார், பிறகு நாள் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பதினோராம் நாள் நானாகவே கேட்டேன். "தண்ணி எவ்வளவுங்க நிக்குது?"

"வடிஞ்சுகிட்டு இருக்கு. இன்னிக்கு இங்க மழையே இல்ல. நீ ஒண்ணும் யோசிக்காத."

அவர் பேசிக்கொண்டிருந்த அந்த முழு நேரமும் ஃபோனுக்குள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலிலேயே நின்று பேசுகிறார் போலிருக்கிறது, அவர் குரலையே அது அவ்வப்போது மூடியது. எனக்குக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் பாயில் உட்கார்ந்து சுவரில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

"சரிங்க" என்றேன்.